நாலு சேனல் ரெக்கார்டும் கேட்காத புல்லாங்குழலும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போகும்படி மேனேஜர் கேட்டார். எந்த ஒயரை எங்கே சொருகுவது என்பதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதை என்னைவிட நீங்கள் வேகமாகச் செய்வீர்கள். ஆனால் ஒருவர் உங்கள் எதிரே வந்து நின்று, "சுற்றிலும் சத்தம் வர்ற மாதிரி நல்ல ஆல்பம் ஒன்று சொல்லுங்க" என்று கேட்பார். அப்போது உங்கள் வாயிலிருந்து முதலில் என்ன வருகிறது என்பதுதான் இந்தத் தொழில். என் வாயிலிருந்து முதலில் வந்ததெல்லாம் தவறுகள். அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். இரண்டாவது கொஞ்சம் பெரியது.

எழுபதுகளின் நடுவில் பினாங்கு ரோட்டில் ஓர் ஆடியோ கடையில் நான் வேலைக்கு இருந்தேன். பட்டர்வொர்த்தில் வீடு, காலையில் ஃபெரி ஏறி வருவேன். கடை முதலாளி ஒரு சீனர். முதலாளியை அங்கே தௌக்கே என்பார்கள், எல்லோருக்கும் அவர் தௌக்கேதான். மலாயும் தமிழும் கலந்து பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தன் வீட்டுச் சீனமான ஹொக்கியனுக்குப் போய்விடுவார். அது எங்களுக்குப் புரியாது என்பது அவருக்கு ஒரு நிம்மதி, எங்களுக்கும் ஒரு நிம்மதி.

அந்த வருடம் ஜப்பானிலிருந்து நாலு சேனல் செட் வந்து இறங்கியது. முன்னால் இரண்டு ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. அதற்கென்றே ஸ்டுடியோவில் தனியாகச் சத்தம் கலந்து அச்சிட்ட ரெக்கார்டுகளும் வந்தன. முதல் நாள் கடை திறக்குமுன் நான் நடுவில் உட்கார்ந்து ஓர் ஆல்பம் முழுக்கக் கேட்டேன். வயலின்காரர்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். பின்னால் இடது பக்கம் யாரோ ஒருத்தர் மெதுவாக டிரம்மைத் தட்டுகிறார். அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம் போல இருந்தது. அதுவரை பாட்டு என்பது எனக்கு எதிரே இருந்த ஒரு பெட்டி. அன்றைக்குப் பாட்டுக்குள்ளே எனக்கும் ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள். ரெக்கார்டு முடிந்த பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை. கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோன தௌக்கே பின்பக்கமாகச் சுற்றி வந்து, "என்ன தங்கச்சி, தூங்கிட்டியா?" என்று கேட்டார்.

இப்படி மயங்கிப் போனவள் என்பதால் அந்த செட்டை விற்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார். மயங்கியவர்களிடம் விற்கக் கொடுக்கக் கூடாது என்று பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது.

முதலில் வந்தவர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் காண்டிராக்டர். பெரிய உடம்பு, நல்ல மனிதர். அவரை நடுவில் உட்கார வைத்து, கையில் கோப்பியும் கொடுத்து, எங்களிடம் இருந்ததிலேயே பயங்கரமான ஆல்பத்தைப் போட்டேன். ஆரம்பமே இடி. அதுவும் பின்னாலிருந்து. அவர் "ஐயோ சாமி!" என்று எழுந்தார். கோப்பி அவருக்கு முன்னால் எழுந்தது. சட்டையெல்லாம் கோப்பியோடு வாசலில் நின்றுகொண்டு, "ஏம்மா, நாள் முழுக்கத் தலைக்கு மேல கிரேன் ஓடுது. எது விழுமோன்னு பயந்துக்கிட்டே வேலை செய்யறேன். வீட்லயும் பின்னால திரும்பித் திரும்பிப் பார்க்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை.

இடியும் ரயிலும் ஹெலிகாப்டரும் ஒருமுறை கேட்பதற்கு. மூன்றாம் நாள் அந்த மனிதர் வேலை முடிந்து வந்து எதைப் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்காருவார் என்று பாருங்கள். அதைச் சிபாரிசு செய்யுங்கள். இது முதல் பாடம். ஒரு சட்டை பாழாகிக் கிடைத்தது.

அந்தப் பாடத்தைப் படித்துவிட்ட திமிரில் நான் செய்ததுதான் இரண்டாவது.

பினாங்கிலேயே புலாவ் தீக்குஸ் பகுதியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஐயா துறைமுக அலுவலகத்தில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அம்மா அதிகம் பேசவில்லை. ஸ்பீக்கர் பெட்டிமேல் விரலை ஓட்டித் தூசி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

இந்த முறை இடி இல்லை. மெதுவான பாட்டுகள் உள்ள ஓர் ஆல்பத்தைப் போட்டேன். ஒருவன் தாழ்ந்த குரலில் பாடுவான். கேட்கிறவருக்குப் பின்னாலிருந்து ஒரு புல்லாங்குழல் அவனுக்குப் பதில் சொல்லும். ஐயா கண்ணை மூடிக் கேட்டார். நான் விடாமல் பேசினேன். சூழல் என்றேன், ஆழம் என்றேன், இசை வெளி என்றேன். ஐயா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "பிள்ளை நல்லாக் கதைக்குது" என்று அம்மாவிடம் சொன்னார். செட் விற்றுவிட்டது. நான் விற்ற முதல் செட். அந்த ஆல்பத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

எங்கள் மெக்கானிக் மணியம் அண்ணன் போய் செட்டை மாட்டிவிட்டு வந்து, "எல்லாம் ஓகே லா" என்றார். நானும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஐயா ரெக்கார்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, இதில புல்லாங்குழல் இல்லை."

"இருக்கே ஐயா. இங்க கேட்டீங்களே!"

"இஞ்ச இருந்தது. வீட்டில இல்லை. ஆனா அவவுக்கு மட்டும் கேக்குதாம்."

ரெக்கார்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து வேறொரு பிரதியை மாற்றிக் கொடுத்தேன். நான்கு நாளில் திரும்பி வந்தார். அதிலும் குழல் இல்லை. அம்மாவுக்கு மட்டும் கேட்கிறது. இன்னொன்றை மாற்றிக் கொடுத்தேன். தௌக்கே தூரத்தில் நின்று என்னைப் பார்த்த பார்வையிலேயே ஹொக்கியன் இருந்தது.

மூன்றாவது முறை அவர் கையில் ரெக்கார்டு இல்லை. இரண்டு சீட்டுகள் இருந்தன. காது டாக்டரிடம் போய் வந்திருக்கிறார்.

"அவவைக் கூட்டிக்கொண்டு போனன். காது நல்லம் எண்டு டாக்டர் சொல்லிப்போட்டார். பிறகு நானும் காட்டினன். எனக்கும் நல்லம். ரெண்டு பேருக்கும் காது நல்லம் எண்டால் பழுது எங்க?" சீட்டுகளை என் முன்னால் அடுக்கி வைத்தார். "உங்கட மெசினில. அதைத் திருப்பி எடுங்கோ."

நாற்பது வருடம் கோப்பு பார்த்த மனிதரின் தர்க்கம். 

"அம்மா என்ன சொல்றாங்க ஐயா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "டாக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போன நாளில இருந்து அவ என்னோட கதைக்கிறேல்லை. தேத்தண்ணி கேட்டால், 'அந்தக் குழலிட்டக் கேளுங்கோ' எண்டு சொல்றா."

அவர் போனதும் தௌக்கே வந்தார். ஹொக்கியன் இல்லை. அழகான, நிதானமான மலாய்தான், அதுதான் பயமாக இருந்தது. செட் திரும்பி வந்தால், பிழை மணியத்தின் மேல் என்றால் மணியம் போக வேண்டும். என் மேல் என்றால் நான் பட்டர்வொர்த் கிளைக்குப் போய் பேட்டரி விற்க வேண்டும். யார் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மணியம் அண்ணனும் நானும் கடை வேனில் போனோம். நீளமான பழைய வீடு. முன்னால் ஹால், நடுவில் மழைத்தண்ணீர் விழும் முற்றம், அதையும் தாண்டிக் கடைசியில் சமையலறை. ஹாலுக்குள் கால் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முன்னால் இரண்டு ஸ்பீக்கர், எதிரே ஐயாவின் பெரிய நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் ஒரு காலண்டர் மட்டும் தொங்கியது.

"ஐயா, மற்ற ரெண்டு ஸ்பீக்கர் எங்க?"

"அது அவவுக்கு. குசினியில. சமைக்கேக்க அவவும் பாட்டுக் கேக்கட்டும் எண்டுதான்."

மணியம் அண்ணனைப் பார்த்தேன். அவர் மேலே காற்றாடியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதோடு, "ஐயா சொன்னாரு, அம்மாவும் கேட்டாங்க புஷ்பா. கேட்டுட்டு வடை வேற கொடுத்தாங்க. எப்படி முடியாதுன்னு சொல்றது?" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடம் எனக்கு வந்த முதல் எண்ணம், தப்பித்தோம் என்பதுதான். பின்னால் வைக்க வேண்டியதைச் சமையலறையில் வைத்தது மணியம். வேனில் திரும்பிப் போய் அப்படியே சொல்லிவிடலாம். ஆனால் ஐயா அடுத்து ஒன்று சொன்னார்.

"நாலு பெட்டியிலயும் ஒரே பாட்டுத்தானே பிள்ளை? ரேடியோவில நியூஸ் வாசிச்சால் முன் வீட்டுக்கு ஒரு நியூஸ், பின் வீட்டுக்கு வேற நியூஸோ?"

அன்று கடையில் அவரிடம் எவ்வளவு பேசியிருப்பேன்! சூழல், ஆழம், வெளி. முன்னால் வருவது வேறு, பின்னால் வருவது வேறு என்ற ஒரே ஒரு வரியை மட்டும் சொல்லவில்லை. அது தெரிந்திருந்தால் அவர் பெட்டிகளைக் குசினிக்கு அனுப்பியிருக்க மாட்டார். மணியத்தின் வடையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"ஐயா, பிழை என்னோடது" என்றேன். சொன்ன பிறகு பட்டர்வொர்த்தின் பேட்டரி அலமாரி கண்ணுக்கு முன்னால் வந்தது. "பின்னால வைக்கிற பெட்டியில வேற சத்தம் வரும். புல்லாங்குழல் அதுல மட்டும்தான் இருக்கு. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்."

அவர் நம்பவில்லை. "ஒரு தட்டில ரெண்டு பாட்டோ? அவவுக்குப் பரிஞ்சு கதைக்கிறீர்."

"ஒரு தடவை சமையலறைக்கு வந்து கேளுங்கய்யா."

"நான் குசினிக்குள்ள போறேல்லை" என்றார். போனால் சட்டிகளைத் திறந்து திறந்து பார்ப்பாராம். அதனால் அம்மா எப்போதோ தடை போட்டுவிட்டாராம்.

மணியம் அண்ணனை ஹாலில் ரெக்கார்டைப் போடச் சொல்லிவிட்டு, ஐயாவை முற்றம் வழியாக அழைத்துப் போனேன். அரிசி டின்னுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர், மிளகாய்த்தூள் போத்தல்களுக்கு நடுவில் இன்னொன்று. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

குழல் வந்தது. தெளிவாக, தனியாக, குழம்பு வாசனைக்கு மேலே மிதந்துகொண்டு வந்தது. பாடுகிறவனின் குரல் முற்றத்துக்கு அப்பால் யாரோ பல்வலியில் முனகுவதுபோல லேசாகக் கேட்டது, அவ்வளவுதான்.

ஐயா ஸ்பீக்கர் பக்கம் குனிந்து காதை வைத்துக் கேட்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல ஹாலுக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது. ஒரு நிமிடத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"அங்க இல்லை" என்றார்.

"நான் எத்தினை தரம் சொன்னனான்?" என்றார் அம்மா, குழம்பிடம்.

ஐயா சமையலறை வாசலில் நின்று சட்டைப் பேனாக்களைச் சரிசெய்தார். எடுத்தார், மறுபடியும் குத்தினார். எனக்கு வெளியே போய்விடலாம் போலிருந்தது. கடைசியில், "லண்டனில இருக்கிற மகனுக்கு உம்மைப் பற்றி எழுதிப்போட்டன். காது சரியில்லை எண்டு" என்றார்.

அகப்பை நின்றது. "கடிதம் போட்டாச்சோ?"

"போன கிழமை. டாக்டரிட்டப் போக முதல்."

அம்மா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். செட் திரும்பி வருவது உறுதி, கூட ஐயாவும் வந்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். அம்மா ஒரு தட்டையும் கத்தியையும் அவர் பக்கம் தள்ளினார்.

"இண்டைக்கே இன்னொரு கடிதம் எழுதுங்கோ. அதுக்கு முதல் இந்த வெங்காயத்தை உரியுங்கோ. வந்தனீங்கள் சும்மா நிக்கிறியள்."

ஐயா ஸ்டூலில் உட்கார்ந்து உரித்தார். குழலைக் கேட்டுக்கொண்டே உரித்தார். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு எது காரணம் என்று நான் ஆராயவில்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப முன்னுக்கு என்ன கேக்குது?" என்று என்னிடம் கேட்டார். ஹாலுக்கு அழைத்துப்போய் ஐயாவின் பெரிய நாற்காலியில் உட்கார வைத்தேன். கையில் அகப்பையோடு உட்கார்ந்து கேட்டார். பாட்டு ஆரம்பித்ததும் நிமிர்ந்தார்.

"ஆர் இவன்?"

"பாடறவர்மா. இந்த ஆல்பமே அவரோடதுதான்."

"இவ்வளவு நாளும் இவன் இஞ்ச இருந்து பாடுறானோ? எனக்குச் சொல்லவே இல்லையே இந்த மனுசன்!" என்றவர், பாட்டு முடியும்வரை எழுந்திருக்கவில்லை. குழம்பை ஐயா இறக்கி வைத்தார்.

மணியம் அண்ணன் ஸ்பீக்கர்களைக் கழற்றி ஹாலுக்குக் கொண்டுவரத் தயாராக நின்றார். அதுதான் சரியான முறை. செட்டோடு வந்த புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். ஐயாவும், "ஓம், கொண்டு வாங்கோ" என்றார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார், நாங்களும் பின்னாலேயே போனோம். மிளகாய்த்தூள் போத்தல்களை நகர்த்தி, ஸ்பீக்கரின் மேலே இருந்த தூசியை முந்தானையால் துடைத்து, கொடுக்கத் தயாராக வைத்தார். அந்தத் துடைப்பைப் பார்த்த பிறகு என்னால் அதை எடுக்க முடியவில்லை.

"ஐயா, இப்போதைக்கு இங்கயே இருக்கட்டும். ஒரு வாரம் ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுங்க. ஒயர் நீளமாத்தான் இருக்கு, எப்ப வேணும்னாலும் முன்னால கொண்டு வரலாம்" என்றேன்.

வேனில் ஏறியதும் மணியம் அண்ணன், "நடுவுல உட்கார்ந்து கேட்டாத்தானே அந்த ஆல்பம் ஆல்பம்? சத்தத்தைக் கலந்த ஸ்டுடியோக்காரன் பார்த்தா அழுவான் லா" என்றார்.

"கலந்தவர் அந்த வீட்ல குடியிருக்கப் போறாரா?" என்றேன். பேச்சு தைரியமாக வந்தது. கடை வரும்வரை தௌக்கேயிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

தௌக்கேயிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். ஸ்பீக்கர் இன்னும் சமையலறையில்தான் இருக்கிறது என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். "டப்போர்?" என்றார். சமையலறையா என்கிறார். "ஆமா தௌக்கே, டப்போர்." சனிக்கிழமை வரை பார்க்கலாம், பிறகு பட்டர்வொர்த் என்றார்.

அந்த வாரம் நான் ஒரு வேலை செய்தேன். இன்றுவரை அதைத்தான் செய்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள். கடையில் இருந்த ஒவ்வொரு நாலு சேனல் ரெக்கார்டையும் பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரில் மட்டும் கேட்டேன். சிலவற்றில் வெறும் கைதட்டலும் இருமலும்தான். சிலவற்றில் எதிரொலி மட்டும், கிணற்றுக்குள் கச்சேரி நடப்பதுபோல. ஒன்றிரண்டில் பின்னாலேயே ஒரு முழுப் பாட்டு குடியிருந்தது. முன்னால் அதிரடியாக இருந்த ஆல்பங்கள் பல பின்னால் ஒன்றுமே இல்லாதவை. முன்னால் சாதாரணமாகத் தெரிந்த ஒரு பியானோ ஆல்பத்தை, பின்னால் வரும் செலோவுக்காகவே ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தது. நான்கு மூலையிலும் நின்று கேட்காமல் எந்த ஆல்பத்தையும் நல்லது என்று சொல்லாதீர்கள். வாங்க வருகிறவரிடம் முதலில், வீட்டில் யார் யார் எங்கே உட்காருவார்கள், யாருக்கு உட்காரவே நேரமில்லை என்று கேளுங்கள். உங்கள் பேச்சழகை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை பகல் ஒரு திரிஷா, அதாவது அந்த ஊர் சைக்கிள் ரிக்ஷா, வந்து கடை வாசலில் நின்றது. ஐயா இறங்கினார். அவர் கையில், பழைய சேலையில் சுற்றியபடி, ஒரு ஸ்பீக்கர். உள்ளே அம்மா உட்கார்ந்திருந்தார்.

தௌக்கே என்னைப் பார்த்தார். மணியம் அண்ணன் பட்டறைக்குள் போய்விட்டார். ஐயா ஸ்பீக்கரை என் மேசைமேல் வைத்தார். சேலையை மெதுவாகப் பிரித்தார். மிளகாய்த்தூள் வாசனை வந்தது.

"பிள்ளை" என்றார். "யோசிச்சுப் பார்த்தம். ரெண்டு பேரும் இதைப்பற்றிக் கனக்கக் கதைச்சம். உந்தப் பெட்டியை ஹாலுக்கு எடுத்தால் குசினியில அவவுக்கு இல்லை. குசினியில வைச்சால் ஹாலில எனக்கு இல்லை. அதனால..."

"திருப்பிக் கொடுக்கறீங்களாய்யா?"

"ஏன் திருப்பித் தாறது?" அவருக்கே ஆச்சரியம். "இதே மாதிரி இன்னும் ரெண்டு தாரும். மாறிப் போகக் கூடாதெண்டுதான் இதைச் சாட்சிக்குக் கொண்டு வந்தனான்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து அவருக்காக எடுத்து வைத்திருந்த பியானோ ஆல்பத்தை நீட்டினேன். "பின்னுக்கு நல்லா இருக்குமோ பிள்ளை?" என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். அதற்குள் திரிஷாவிலிருந்து அம்மா கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். வாசலுக்கு ஓடினேன்.

அம்மா ஐயா இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, அந்த முன்னுக்குப் பாடுறவன் இருக்கிறானெல்லே? அவனையும் குசினிப் பக்கம் ஒருக்கா அனுப்பேலாதோ?"

எனக்குப் பின்னால் வந்து நின்ற தௌக்கே, அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன்.

"லாகி டுவா?" என்றார். இன்னும் இரண்டா என்று அர்த்தம். என் பதிலுக்குக்கூட நிற்காமல், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேல் தட்டிலிருந்து ஸ்பீக்கர்களை இறக்க ஏணியை எடுக்கப் போனார்.